பெட்டிக்குள் கிடக்கும் ஞாபகார்த்தக் குற்றி என்ன பெறும்?

வன்னியில் உள்ள மல்லாவியில் சின்னதாக ஒரு நகைப்பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டுக்குச் சுரை மாற்ற, அறுந்த சங்கிலியை ஒட்ட என்று வருகிறவர்கள், வேலை முடிந்து எழும்பும் நேரத்தில் கைப்பைக்குள்ளிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுப்பார்கள். "இதையும் ஒருக்காப் பாருங்கோ பத்தர், ஏதும் பெறுமோ?" உள்ளே ஏதோ ஒரு நிகழ்வின் ஞாபகமாக வெளியிட்ட நாணயக் குற்றி ஒன்று இருக்கும். சில நேரம் புத்த ஜயந்திக் காசு, சில நேரம் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்தவர்களின் காந்தி காசு, சில நேரம் லண்டன் பெறாமகன் கொடுத்துவிட்ட சேர்ச்சில் காசு. நான் நாணயம் சேர்க்கிறவன் அல்ல. ஆனால் தராசும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் என்னிடம் இருப்பதால் கேள்வியும் என்னிடமே வருகிறது. வருகிறவர்களுக்கு வாயால் சொல்வதை ஒருமுறை எழுதி வைத்தால் நல்லது என்று பட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். ஒரு குற்றிக்கு நான்கு விலை உண்டு. அதில் பொறித்திருக்கும் முகப்பெறுமதி ஒன்று. உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் விலை இரண்டாவது. அதைத் தேடித் திரியும் சேகரிப்பாளர் கொடுக்கும் விலை மூன்றாவது. இன்றைக்கு, இந்த ஊரில், ஒருவர் உங்கள் கையில் எண்ணி வைக்கும் காசு நான்காவது. மூன்றாவது விலையை யூரியூப்பில் கேட்டுவிட்டு நான்காவது விலையை என்னிடம் எதிர்பார்ப்பதால்தான் முகம் சுருங்குகிறது. உலோக விலையை வீட்டிலிருந்தே கிட்டத்தட்டச் சரியாகக் கணக்குப் பார்க்கலாம். உருக்குக் கூலி போக அதற்குக் கீழே விற்கத் தேவையில்லை. அதற்கு மேலே எவ்வளவு என்பதைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மினுக்க வேண்டாம்

குத்துவிளக்கு மினுக்கின கையோடு காசையும் மினுக்கிக் கொண்டு வருகிறார்கள். பழப்புளி, தேசிக்காய்த் தோல், சாம்பல், சிலர் பற்பசையும் போடுகிறார்கள். பளபளவென்று இருக்கும், பார்க்க வடிவு. கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தால் மயிரிழை மாதிரிக் கீறல்கள் ஒரே பக்கமாக ஓடும். சேகரிப்பாளர் அதைக் கண்டவுடன் உலோக விலைக்கு இறங்கிவிடுவார். பழைய வெள்ளியில் சமமாகப் படிந்த கறுப்பை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நகையை மினுக்கித்தான் நான் சோறு தின்கிறேன். ஆனாலும் குற்றியை மினுக்கித் தரச் சொன்னால் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

மண் ஒட்டியிருந்தால் மட்டும், வாகன பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போடுங்கள். அசிட் போத்தலை மாறி எடுத்துவிட வேண்டாம், தண்ணீர்ப் போத்தல் தனியாக விற்கிறது. ஊறிய மண் தானாகக் கழன்று விழட்டும். பிறகு பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். விரலால் முகத்தைத் தொடாமல் விளிம்பில் பிடியுங்கள். சொப்பிங் பையிலும் மெத்தென்ற பிளாஸ்ரிக் உறையிலும் வருடக்கணக்காக வைத்தால் பச்சை நிறத்தில் ஒரு பிசுபிசுப்புப் படியும், அது உலோகத்தை அரிக்கும். சாதாரணக் கடதாசி உறை போதும்.

வன்னிக் காசுக்கு இன்னொரு கதை இருக்கிறது. இடம்பெயரும்போது ரின்னில் போட்டுத் தாட்டுவிட்டுப் போன காசுகள், திரும்பி வந்து கிண்டி எடுத்தவை, எரிந்த வீட்டுச் சாம்பலுக்குள் பொறுக்கியவை. நிலத்துக்குள் கிடந்த செப்புநிக்கல் குற்றி, அதாவது செம்பும் நிக்கலும் கலந்து அடித்தது, பச்சை பூத்திருக்கும். பச்சைக்குக் கீழே சின்னச் சின்னக் குழி விழுந்திருந்தால் சேகரிப்பாளர் தொடமாட்டார். முல்லைத்தீவுக் கரைப்பக்க உப்பு மணலில் கிடந்த வெள்ளி கருகிச் சொரசொரப்பாகிவிடும். நெருப்புக்குள் போன குற்றியில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, நிறம் திட்டுத்திட்டாக மாறியிருக்கும். இவை வெள்ளியாக இருந்தால் உலோக விலை உண்டு. செப்புநிக்கலாக இருந்தால் முகப்பெறுமதிதான். தாட்டு வைத்த ஆட்களுக்கு அது என்ன பெறும் என்பது வேறு கணக்கு, அதை நான் தராசில் வைப்பதில்லை. அப்படி ஒன்றைக் கொண்டு வருகிறவர்களிடம் விற்க வேண்டாம், வைத்திருங்கள் என்றுதான் சொல்கிறேன். விற்றாலும் பெரிதாக ஒன்றும் வராது.

என்ன குற்றி என்று பிடிப்பது

ஆண்டு, முகப்பெறுமதி, எதற்காக வெளியிட்டது: இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். பிளாஷ் போட்டால் கீறல் தெரியாது, வாங்குகிறவன் பிறகு சண்டைக்கு வருவான். நியூமிஸ்டா என்ற இணையத்தளத்தில் நாட்டையும் ஆண்டையும் கொடுத்துத் தேடினால் உலோகம், எடை, விட்டம், தெரிந்தால் எத்தனை அடிக்கப்பட்டன என்பது வரை கிடைக்கும். இலங்கைக் காசுக்கென்றே லக்திவ நாணயத் தளம் இருக்கிறது. அதில் படங்கள் நல்ல தெளிவு.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது 1957 புத்த ஜயந்தி 5 ரூபா. இதுதான் பெறுமதியானது. நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, 28.28 கிராம், உள்ளங்கையில் பாரம் தெரியும். 5 இலட்சம் அடித்து, அதில் பாதிக்கு மேல் திரும்பப் பெற்று உருக்கிவிட்டார்கள். அதே நிகழ்வுக்கு அதே ஆண்டு 1 ரூபாக் குற்றியும் வந்தது. அது செப்புநிக்கல். "புத்த ஜயந்திக் காசு வெள்ளியாம்" என்று கேள்விப்பட்டு 1 ரூபாவைக் கொண்டு வந்து வெள்ளி விலை கேட்கிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் 1968 உணவு விவசாய நிறுவனத்துக்கான 2 ரூபா, 1976 அணிசேரா நாடுகள் மாநாட்டுக்கான 2 ரூபாவும் 5 ரூபாவும், 1978 ஜே. ஆர். ஜயவர்தன ஜனாதிபதியானதற்கான 1 ரூபா, 1981 மகாவலி 2 ரூபா, அதே ஆண்டு சர்வசன வாக்குரிமை 5 ரூபா. ஒன்றிலும் வெள்ளி இல்லை. புழக்கத்தில் தேய்ந்ததாக இருந்தால் ஒரு தேத்தண்ணிக் காசு கிடைத்தால் பெரிய விசயம். புழக்கத்துக்கே போகாமல் புதுசாக இருந்தால் கொஞ்சம் கூடும்.

1987இன் 10 ரூபா சதுரமாக இருக்கும், அதனால் எல்லோரும் எடுத்து வைத்திருக்கிறார்கள். வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டின் ஞாபகமாக வெளியிட்டது. வன்னியில் எத்தனை தறப்பாள் கொட்டிலுக்குள் அந்தக் குற்றி இருந்திருக்கும் என்று எனக்குள் நினைத்துக் கொள்வேன், வந்தவர்களிடம் சொல்வதில்லை. எல்லோரும் எடுத்து வைத்த காசு அரிதாவதில்லை என்பதால் இதற்கும் பெரிய விலை கிடையாது. 1998இல் சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டுக்கு வந்த இரண்டு நிற 10 ரூபாவும் இப்படித்தான். அதே நிகழ்வுக்கு வெள்ளியில் 1000 ரூபாவும் தங்கத்தில் 5000 ரூபாவும் வந்தன. அவை பெட்டியோடு இருந்தால் என் பட்டறைக்குக் கொண்டுவராமல் நேரே கொழும்புக்குப் போங்கள். 1996 கிரிக்கெட் கிண்ணத்துக்காக 1999இல் வந்த 5 ரூபாவைப் பெடியள் விரும்பி வாங்குகிறார்கள், ஆசைக்கு.

2013 ஆண்டு பொறித்த 10 ரூபா மாவட்டக் குற்றிகள் 25 உண்டு, ஒரு மாவட்டத்துக்கு ஒன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கள் நாலும் இருக்கின்றன. தனித்தனியாகப் பெறுமதி குறைவு, 25உம் புதுசாகச் சேர்ந்து இருந்தால்தான் கேட்பார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரியில் மடுவுக்கு வந்தாரே, அந்த வருகைக்காக மத்திய வங்கி 500 ரூபாக் குற்றி ஒன்று வெளியிட்டது. மன்னார் ஆட்களிடம் இது இருக்கும். வந்த உறையோடு வைத்திருங்கள், உறையைக் கிழித்து வெறும் குற்றியாகச் சாமித்தட்டில் வைத்தால் விலை பாதியாகும்.

இந்தியக் காசுக்கு வருவோம். 1969 காந்தி நூற்றாண்டில் 20 பைசா, 50 பைசா, 1 ரூபா, 10 ரூபா என்று வந்தன. 10 ரூபா மட்டும் வெள்ளி: 15 கிராம், 80 வீதம். மஞ்சள் நிற 20 பைசாவை இலட்சத்துக்கு விற்கலாம் என்று ஒரு கதை ஓயாமல் சுற்றுகிறது; மூட்டை மூட்டையாக அடித்த காசு அது. 1972 சுதந்திர வெள்ளிவிழா 10 ரூபாவும் வெள்ளிதான், ஆனால் பாதிக்குப் பாதி: 22.5 கிராமில் 11.25 கிராம். 1964 நேரு காசு நிக்கல். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசும், 2009இல் அறிஞர் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு வந்த 5 ரூபாவும் விற்கப் போனால் சில்லறைதான். எனக்குக் கிடைத்தால் விற்கமாட்டேன், அது வேறு. இந்தியக் காசில் ஆண்டுக்குக் கீழே, எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் ஒரு சின்ன அடையாளம் இருக்கும்: வைரம் போலிருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே காசில் ஒரு நாணயச்சாலையில் அடித்தது குறைவாக இருந்தால் விலை மாறும். அதனால் அதையும் தாளில் எழுதுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவற்றில் 1965 சேர்ச்சில், 1981 சார்ள்ஸ் டயானா திருமணக் காசு இரண்டும்தான் நிறைய, இரண்டும் சாதாரணமாகச் செப்புநிக்கல். சேர்ச்சில் காசு மட்டும் 1 கோடி 90 இலட்சத்துக்கு மேல் அடித்தார்கள். கனடா உறவுகள் தரும் 1967 நூற்றாண்டு ஒரு டொலர் அப்படியல்ல, அதில் 80 வீதம் வெள்ளி இருக்கிறது.

தராசும் தண்ணீரும்

இனி என் தொழில். நியூமிஸ்டாவில் சொன்ன எடையும் உங்கள் குற்றியின் எடையும் ஒத்துப் போகிறதா என்று முதலில் பாருங்கள். எந்த நகைக்கடையிலும் ஒரு நிமிடத்தில் நிறுத்துத் தருவார்கள். புழங்கித் தேய்ந்த குற்றி கொஞ்சம் குறையலாம், கூடக் கூடாது. காந்தமும் ஒன்று வைத்துக் கொள்ளுங்கள். வெள்ளி ஒட்டாது, செப்புநிக்கலும் ஒட்டாது. உருக்கில் முலாம் பூசிய இப்போதைய காசுகள் ஒட்டும். நேருவின் நிக்கல் காசும் ஒட்டும், அதைப் போலி என்று எறிந்துவிடாதீர்கள்.

எடை மட்டும் போதாது. 1957 புத்த ஜயந்தி 5 ரூபாவும் சேர்ச்சில் காசும் ஒரே அளவு, ஒரே எடை. இரண்டும் 28.28 கிராம், விட்டம் 38.6 மில்லிமீற்றர். ஒன்று வெள்ளி, மற்றது செப்புநிக்கல். அதே அளவில் செப்புநிக்கலில் 5 ரூபாவின் அச்சைப் போட்டு யாராவது போலி செய்தால் தராசு காட்டிக் கொடுக்காது. உரைகல்லில் உரசினால் தெரியும், ஆனால் உரசிய குற்றி கீறல் விழுந்த குற்றி. அதனால் நான் தண்ணீரில்தான் பார்க்கிறேன்.

மின்தராசில் அரைவாசி தண்ணீர் நிரம்பிய கோப்பையை வைத்து, காட்டும் எண்ணைப் பூச்சியமாக்குங்கள். குற்றியை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கப் பிடியுங்கள். அடியிலோ பக்கத்திலோ முட்டக் கூடாது, காற்றுக்குமிழி ஒட்டியிருக்கவும் கூடாது. இப்போது தராசு காட்டுவது குற்றி ஒதுக்கிய தண்ணீரின் எடை. குற்றியின் எடையை அதால் பிரித்தால் அடர்த்தி வரும். 92.5 வெள்ளிக்கு 10.3க்கு மேல் வரவேண்டும், செப்புநிக்கலுக்கு 8.9 சொச்சம். 28.28 கிராம் குற்றியென்றால் வெள்ளி கிட்டத்தட்ட 2.7 காட்டும், செப்புநிக்கல் 3.2க்குப் பக்கத்தில் காட்டும். அரைக் கிராம் வித்தியாசம் என்பதால் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தராசு வேண்டும், சமையலறைத் தராசு சரிவராது. ஈரத்தை ஒற்றிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன், ஒரு கீறலும் விழாது.

வெள்ளி என்று தெரிந்துவிட்டால் கணக்கு லேசு. 28.28ஐ 0.925ஆல் பெருக்கினால் சுத்த வெள்ளி 26.16 கிராம். ஒரு பேச்சுக்கு அன்றைய வெள்ளி கிராம் 300 ரூபா என்று வையுங்கள்: 7,848 ரூபா. இதுதான் உங்கள் தரைவிலை. வாங்குகிற கடைக்காரர் உருக்குக் கூலி, தேய்மானம் என்று கொஞ்சம் கழிப்பார், அது நியாயம். பாதியாகக் கழித்தால் எழும்பி வாருங்கள். நகைக்கடைக்காரர் வெள்ளிக்குத்தான் காசு தருவார் என்பதையும் மறக்க வேண்டாம். குற்றி புதுசா, அரிதா என்பது அவருக்குத் தேவையில்லாத விசயம்.

தங்கக் குற்றியென்றால் ஊரில் பெரும்பாலும் பிரித்தானியப் பவுண். 7.98 கிராம், 22 கரட், சுத்தத் தங்கம் 7.32 கிராம். வளையம் ஒட்டிப் பதக்கமாகப் போட்டிருந்தால் சேகரிப்பாளர் விலையை மறந்துவிடுங்கள், தங்கத்தின் விலைதான்.

சேகரிப்பாளர் விலையைத் தேடுவது

ஐக்மன் விளம்பரத் தளத்தில் ஒருவர் 1976 காசுக்கு 50,000 போட்டிருக்கிறார் என்று போனைக் காட்டுவார்கள். போட்டிருக்கிறார் சரி, யார் வாங்கினது? கேட்கும் விலை எவரும் எழுதலாம். இபேயில் தேடும்போது விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் தெரிவு இருக்கிறது, அதை அழுத்துங்கள். உங்கள் குற்றி போன்ற தரத்தில் விற்றவற்றில் அதிகூடியதையும் அதிகுறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள். அதில் தபால் செலவும் தளத்தின் பங்கும் அடங்கியிருக்கும்.

தரம் என்பதில்தான் மனம் ஏமாறும். நம்முடைய காசு நமக்குப் புதுசாகத்தான் தெரியும். உருவத்தில் அதிகம் மேடாக நிற்கும் இடத்தை, தலைமயிர், கன்னம், கட்டடத்தின் கூர் போன்றவற்றைக் கண்ணாடியில் பாருங்கள். அங்கே நுணுக்கம் தேய்ந்து சமதரையாக இருந்தால் புழங்கிய காசு. பின்புலம் முகம்பார்க்கும் கண்ணாடி போலவும் உருவம் பனி படிந்தாற் போலவும் இருந்தால் அது புரூப், தனியாகச் சேகரிப்புக்கு அடித்தது, விலை வேறு. புரூப் குற்றியைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள், சான்றிதழ்த் துண்டையும் எறியாதீர்கள்.

பிந்திய காலக் குற்றியென்றால் இன்னொன்றையும் பாருங்கள். கொழும்பு கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகம் இருக்கிறது. மத்திய வங்கி தன்னிடம் மீதமுள்ள ஞாபகார்த்தக் குற்றிகளைத் தானே விற்கிறது. உங்களுடையது அங்கே இன்னமும் கிடைக்குமென்றால் அந்த விலைக்கு மேல் உங்களிடம் ஒருவரும் வாங்கமாட்டார். வங்கிக் கருமபீடத்தில் கொண்டுபோய் நீட்டினால் முகப்பெறுமதிதான் தருவார்கள்.

ஏமாற்றுக்காரர்

"உங்கள் காசு 12 இலட்சம் பெறும், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கோ" என்று வட்ஸ்அப்பில் வந்தால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள். இப்படிக் கட்டணம் கேட்டுத் தன் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்று 2021இல் இந்திய ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. வாங்குகிறவன் உங்களுக்குக் காசு தருவான், உங்களிடம் கேட்கமாட்டான். ராமர் படத்தோடு 1818 என்றும் கிழக்கிந்தியக் கம்பனி என்றும் எழுதிய செப்புக் காசு ஒன்றும் சுற்றுகிறது. கம்பனி அப்படி ஒன்றை அடித்ததே இல்லை, அது கோயில் வாசலில் விற்ற வெறும் பதக்கம்.

விற்பதென்றால்

வன்னிக்குள் சேகரிப்பாளர் மிகக் குறைவு. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் சிலர் வாங்குகிறார்கள், சந்தை என்று சொல்லக்கூடியது கொழும்பில்தான். குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். முதல் ஆள் சொன்னதை இரண்டாம் ஆளிடம் சொல்லாதீர்கள். வியாபாரி திருப்பி விற்க வேண்டும், அது பல மாதம் கிடக்கவும் கூடும். அதனால் இணையத்தில் விற்ற விலையில் அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே தந்தால் நான் நியாயம் என்பேன். செப்புநிக்கல் சில்லறைக்காகக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டாம், பயணக் காசும் வராது. பேரப்பிள்ளைக்குக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. வயல் உழும்போதோ குளம் திருத்தும்போதோ கிடைத்த மிகப் பழைய காசு, யாழ்ப்பாண அரசர் அடித்த, நந்தி பொறித்த சேதுக் காசோ ஒல்லாந்தர் காசோ, இந்தக் கணக்கில் வராது. 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள் சட்டத்துக்குள் அடங்கும், நிலத்துக்குள் கண்டெடுத்தது அரசுக்குரியது. அதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். விலை கேட்டு என்னிடம் கொண்டுவந்தாலும் நான் தராசில் வைக்கமாட்டேன்.